ஹீட் பம்ப் வீட்டுக்கு ஹனிவெல் டி6 ப்ரோ தெர்மோஸ்டாட்: இரண்டு குளிர்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு

2023 நவம்பரில் வாங்கி நானே சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் இது, அதாவது வீட்டின் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி. ஹனிவெல் ஹோம் டி6 ப்ரோ, வைஃபை இல்லாத மாடல், நூறு டாலருக்குள் கிடைத்தது. வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறோம். இந்தப் பகுதியில் குழாய் எரிவாயு இல்லாத வீடுகளில் பெரும்பாலும் ஹீட் பம்ப்தான், எங்கள் வீட்டிலும் அதுவே. எனக்குப் பிடித்திருக்கிறது, இன்னொரு வீடு வாங்கினாலும் இதையே மாட்டுவேன். ஆனால் பெட்டியில் இருந்து எடுத்து மாட்டி அப்படியே விட்டுவிட்டால் கரண்ட் பில் குறையாது, ஏறவும் கூடும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு விஷயம். ஹீட் பம்ப் என்பது நம் வீட்டு ஏசியேதான். கோடையில் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, குளிர்காலத்தில் ஏசிக்குள் ஓடும் அதே வாயுவைத் திசை மாற்றி ஓடவிட்டு வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே கொண்டு வருகிறது. திசை மாற்றுவது ரிவர்சிங் வால்வ் என்ற ஒரு வால்வு. வெளியே 2, 3 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதும் அந்தக் காற்றில் எடுக்கக் கூடிய சூடு இருக்கத்தான் செய்கிறது. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்ற மட்டும் செய்வதால் ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்து இரண்டு, மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கிறது. வெளியே குளிர் ஏற ஏற இந்தத் திறன் குறையும், அப்போது கைகொடுக்க, விசிறி வைத்து வீட்டுக்குள் காற்றைத் தள்ளும் காற்றுப் பெட்டிக்குள் மின்சாரச் சூடேற்றிக் கம்பிகள் வைத்திருப்பார்கள். ஆக்ஸிலரி ஹீட், சுருக்கமாக ஆக்ஸ் என்பது அதுதான். வாட்டர் ஹீட்டர் காயில் மாதிரி, ஒரு யூனிட் போட்டால் ஒரு யூனிட் சூடு. எங்கள் வீட்டில் இருப்பது 10 கிலோவாட், அதாவது ஒரு மணி நேரம் எரிந்தால் 10 யூனிட் போச்சு. அதே சூட்டை மிதமான குளிரில் கம்ப்ரஸர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் கொடுத்துவிடும். ஆகவே ஹீட் பம்ப் வீட்டில் தெர்மோஸ்டாட்டுக்கு இருக்கும் உண்மையான வேலை ஒன்றுதான்: ஆக்ஸைத் தேவையில்லாமல் எரியவிடாமல் பார்த்துக்கொள்வது.

எங்கள் பழைய தெர்மோஸ்டாட் வீட்டோடு வந்தது. அதில் ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான். இரண்டு டிகிரி கூட்டினாலும் உடனே ஆக்ஸை எரியவிடும். 2022 டிசம்பர் 24 காலை இங்கே 10 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இறங்கி, அதாவது செல்சியஸில் மைனஸ் 12, மாநிலம் முழுக்கச் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது இங்கே இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு அடுத்த மாதம் வந்த பில்லைப் பார்த்த பிறகுதான் இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். ஒரு உள்ளூர் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டுமென்றால் சுவருக்குள் புதிதாக வயர் இழுக்க வேண்டும், எல்லாம் சேர்த்து நானூறு டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். பழைய பெட்டியின் மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. நான் கழற்றிப் பார்த்தபோது எட்டு வயர் கொண்ட கேபிள் உள்ளே இருந்தது, அதில் நீல வயர் யாரும் தொடாமல் கேபிளின் மேலேயே சுருட்டிவிடப்பட்டிருந்தது. வேண்டிய வயர் சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது!

சரி, வயரிங். எல்லாம் 24 வோல்ட்தான், தொட்டால் ஆள் போகும் விஷயம் இல்லை. ஆனால் எதிர்முனை சேர்ந்திருக்கும் காற்றுப் பெட்டிக்குள் 240 வோல்ட் இருக்கிறது, எனவே பிரேக்கரை அணைப்பதில் சோம்பல் கூடாது. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரையில் இருந்து வீடியோவில் வந்து, "கை வைக்கறதுக்கு முன்னாடி மீட்டரை வச்சுப் பாரும்மா, ஆஃப் பண்ணியாச்சுன்னு நீயா நினைச்சுக்காத" என்று இரண்டு தடவை சொன்னார். நான் பேனலில் 'ஹீட் பம்ப்' என்று எழுதியிருந்த பிரேக்கரை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அது வெளி யூனிட்டுக்கு மட்டுமான பிரேக்கர். தெர்மோஸ்டாட்டுக்கு 24 வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பரணில் இருக்கும் காற்றுப் பெட்டிக்குள் இருக்கிறது, அதற்குத் தனி பிரேக்கர். பழைய தெர்மோஸ்டாட் பேட்டரியில் ஓடியதால் அதன் திரை எப்படியும் எரிந்துகொண்டேதான் இருந்தது, அதை வைத்தும் எனக்குத் தெரியவில்லை. கழற்றும்போது சிவப்பு வயர் நழுவி நீல வயரைத் தொட்டது. காலையில்தான் பரணுக்கு ஏறி அந்த நீல வயரின் மறுமுனையை 'சி' என்ற, மின்சாரம் திரும்பும் முனையில் சேர்த்து வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான், காற்றுப் பெட்டியின் கன்ட்ரோல் போர்டில் இருந்த ஃப்யூஸ் போய்விட்டது.

நல்ல வேளையாக அது கார்களில் போடும் அதே தட்டை ஃப்யூஸ். ஊதா நிறம் என்றால் 3 ஆம்பியர், மங்கலான பழுப்பு என்றால் 5 ஆம்பியர். போர்டில் என்ன இருந்ததோ அதே அளவு மட்டும் போட வேண்டும், கையில் இருக்கிறதே என்று பெரிதாகப் போட்டால் அடுத்த தடவை ஃப்யூஸுக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மர் போகும். கார் உதிரிபாகக் கடையில் ஒரு சின்ன பாக்கெட் சில டாலர்தான். வேலையைத் தொடங்கும் முன்பே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கரை அணைத்த பிறகு மின்சாரம் வரும் 'ஆர்', திரும்பும் 'சி' இரண்டிலும் வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள், சுழி காட்டினால்தான் அணைந்திருக்கிறது. மின்சாரம் இருந்தால், மீட்டரை மாறுதிசை மின்னோட்ட அளவில் வைக்கும்போது 24இல் இருந்து 28 வோல்ட் வரை காட்டும்.

எந்த வயர் எங்கே என்பதற்கு நிறத்தை நம்பாதீர்கள். பழைய பெட்டியில் அது எந்த எழுத்தில் சொருகியிருக்கிறது என்று பார்த்து ஒட்டுத்தாளில் அந்த எழுத்தை எழுதி வயரிலேயே ஒட்டி, ஒரு போட்டோவும் எடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும். 'ஆர்' மின்சாரம் வரும் வழி, 'சி' திரும்பும் வழி, 'ஒய்' கம்ப்ரஸர், 'ஜி' விசிறி, டபிள்யூ2 அல்லது ஆக்ஸ் என்பது சூடேற்றிக் கம்பி, 'ஈ' எமர்ஜென்சி. பழைய பெட்டியில் ஆக்ஸுக்கும் 'ஈ'க்கும் இடையே ஒரு சின்னத் துண்டு வயர் போட்டிருப்பார்கள், அதையும் குறித்துக்கொண்டு புதியதன் கையேட்டில் உங்கள் வகைக்கான படம் என்ன சொல்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள். டி6இல் அடித்தட்டைத் தனியாகச் சுவரில் திருகிவிட்டு வயர்களை அதில் சொருகலாம், ஸ்க்ரூ முறுக்க வேண்டியதில்லை, அது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஒரு 'ஆர்' வயர்தான் இருக்கிறது என்றால் அடித்தட்டில் இருக்கும் சின்ன நகர்த்தியை மேலே தள்ளிவிட்டால் 'ஆர்', 'ஆர்சி' என்ற இரண்டு முனைகளும் உள்ளுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். முன்பகுதியை அதன் மேல் வைத்து அழுத்தினால் பொருந்திவிடுகிறது. இரண்டு டபுள் ஏ பேட்டரியிலும் ஓடும். ஆனாலும் 'சி' வயர் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள், ஜனவரி நடுராத்திரியில் பேட்டரி தீர்ந்து வீடு குளிர்ந்துபோகும் கவலை இருக்காது. பரணுக்கு ஏறும் அந்த வேலை எனக்கு அரை மணி நேரம்தான் எடுத்தது.

இனி ஓ/பி. ஹீட் பம்ப்பில் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், நானும் விழுந்தேன். திசை மாற்றும் வால்வுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. பெரும்பாலான யூனிட்களில் குளிரூட்டும்போது கொடுக்க வேண்டும், அது 'ஓ'. ரீம், ரூட் போன்றவற்றில் வழக்கமாகச் சூடேற்றும்போது கொடுக்க வேண்டும், அது 'பி'. பழைய பெட்டியில் 'ஓ' தனி, 'பி' தனி என்று இரண்டு இடம் இருந்தது, எங்கள் ஆரஞ்சு வயர் 'பி'யில் இருந்தது, நான் அதை ஒழுங்காக எழுதியும் வைத்திருந்தேன். புதியதில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடம்தான், எது என்பதை அமைப்பு மெனுவில் சொல்ல வேண்டும். வயரைச் சொருகிவிட்டேன், மெனுவில் 'ஓ' என்று இருந்ததை மாற்றாமல் விட்டுவிட்டேன். ஹீட் போட்டதும் காற்று வந்தது, திரையில் ஹீட் என்றுதான் காட்டியது, பத்து நிமிடம் கழித்து அறைக்குள் காற்று வரும் வென்ட்டில் கையை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. நவம்பர் மாதத்தில் வீட்டுக்கு ஏசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அறை குளிர்ந்துகொண்டே போனால் தெர்மோஸ்டாட் ஆக்ஸையும் கூப்பிட்டிருக்கும். அப்போது ஒரு பக்கம் குளிரூட்டல், ஒரு பக்கம் சூடேற்றல், இரண்டும் சண்டை போட மீட்டர் சுற்றும். அதைக் கவனிக்காமல் ஒரு மாதம் ஓட்டியவர்கள் உண்டு. ஆகவே மாட்டியவுடன் முதல் வேலையாக ஹீட், கூல் இரண்டையும் பத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு வென்ட்டில் கையை வைத்துப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றதற்கு மாற்றும்போது உடனே ஓடவில்லை என்று பயப்பட வேண்டாம், கம்ப்ரஸரைக் காப்பாற்ற ஐந்து நிமிடம் காத்திருக்க வைக்கும்.

பழைய ட்ரேன் யூனிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: அவற்றில் 'பி' என்று எழுதியிருப்பது வால்வு இல்லை, காமன், அதாவது மற்றவர்களின் 'சி'. எழுத்து ஒன்றுதானே என்று அதை ஓ/பியில் சொருகிவிட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

அமைப்பு மெனுவுக்கு மெனு பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே எல்லாம் எண் போட்ட வரிசை, கையேடு மடியில் இல்லாமல் போகாதீர்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு என்று வடிவமைத்தது, வீட்டுக்காரர்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லித் தராது. ஆனால் அந்த மெனுவில்தான் நாம் கொடுத்த காசுக்கு மதிப்பு இருக்கிறது. முதலில் யூனிட் ஹீட் பம்ப் என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஆக்ஸ் பற்றிய இரண்டு அமைப்புகள். ஒன்று, அறை நாம் கேட்ட அளவுக்கு எத்தனை டிகிரி கீழே இருந்தால் ஆக்ஸ் வரலாம் என்பது. இரண்டாவது, கம்ப்ரஸர் தனியாக எவ்வளவு நேரம் முயன்ற பிறகு ஆக்ஸ் வரலாம் என்பது. முதலாவதை 'கம்ஃபர்ட்' என்று விட்டால் அறை துளிகூட இறங்கக் கூடாது என்று ஆக்ஸை எளிதாகக் கூப்பிட்டுவிடும். நான் 3 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க் குளிருக்கு இது சரியாக இருக்கிறது. இதைவிடக் குளிரான ஊரில் வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் 2 வைப்பேன். வெளியே ஒரு சென்சர் மாட்டினால், வெளி வெப்பநிலை இவ்வளவுக்கு மேல் இருக்கும்போது ஆக்ஸ் வரவே கூடாது என்றும் பூட்டிவிடலாம். அதை நான் இன்னும் செய்யவில்லை.

அட்டவணை விஷயத்துக்கு வருகிறேன், என் மனதில் அதிகமாக இருப்பது இதுதான். இந்த நாட்டில் தெர்மோஸ்டாட் என்றாலே காலை எழும்போது 70 ஃபாரன்ஹீட் (செல்சியஸில் 21), வேலைக்குப் போனால் 62, வந்தால் 70, தூங்கும்போது 62 என்ற அட்டவணைதான் எல்லோரும் சொல்வது, பெட்டியிலும் அந்த மாதிரிதான் வரும். எரிவாயு எரித்துச் சூடேற்றும் வீட்டுக்கு இது சரி. அமெரிக்க எரிசக்தித் துறை ஒரு நாளில் 8 மணி நேரம் 7இல் இருந்து 10 டிகிரி வரை இறக்கி வைத்தால் வருடத்துக்கு 10 சதவீதம் வரை மிச்சம் என்று சொல்வதும் உண்மை, ஆனால் அதே துறைதான் ஹீட் பம்ப்புக்குச் சாதாரண புரோகிராம் தெர்மோஸ்டாட்டை வைத்து இப்படி இறக்குவதைப் பரிந்துரைப்பதில்லை என்றும், அதற்கென்று செய்த தெர்மோஸ்டாட் வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர்.

ஏன் என்று என் வீட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன். உறைநிலையை ஒட்டிய இரவில் கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் ஒரு டிகிரி ஏற அரை மணி நேரம் ஆகிறது. 62இல் இருந்து 70க்கு எட்டு டிகிரி, நான்கு மணி நேரம். ஆறு மணிக்கு 70 வேண்டும் என்று சொன்னால் சாதாரணப் பெட்டி ஆறு மணிக்கு விழித்து, எட்டு டிகிரி குறைகிறதே என்று ஆக்ஸை எரியவிடும். அதுவும் நாளிலேயே மிகக் குளிரான விடியற்காலை நேரத்தில். இரவெல்லாம் கம்ப்ரஸர் சும்மா இருந்து மிச்சம் பிடித்ததைச் சூடேற்றிக் கம்பி ஒன்றரை மணி நேரத்தில் தின்றுவிடும். டி6இல் முன்கூட்டியே தொடங்கும் வசதி இருக்கிறது, அடாப்டிவ் ரிகவரி என்கிறார்கள். உங்கள் வீடு எவ்வளவு வேகத்தில் சூடாகிறது என்று பழகிக்கொண்டு ஆறு மணிக்குள் போய்ச் சேரும்படி முன்னாலேயே மெதுவாக ஏற்றத் தொடங்கும். முதல் வாரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, பிறகு பழகிக்கொண்டது. அப்படியும் எட்டு டிகிரி இறக்குவதில் அர்த்தமில்லை. நான் பகலில் 69, இரவில் 67 என்று வைத்திருக்கிறேன், இரண்டே டிகிரி. காலையில் ஆக்ஸ் என்ற எழுத்து திரையில் வருவதைப் பார்ப்பதே இப்போது அபூர்வமாகிவிட்டது. வெளியே 20 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போன சில நாட்களில் வந்தது. அப்போது வரத்தான் வேண்டும், அதற்காகத்தானே அது இருக்கிறது.

கோடைக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. ஏசி ஓடும்போது ஆக்ஸ் கிடையாது, ஆள் இல்லாத நேரத்தில் தாராளமாக ஏற்றி வைக்கலாம்.

இதை மாட்டிய அடுத்த மாதம், டிசம்பரில் அம்மாவும் அப்பாவும் வந்து இரண்டரை மாதம் இருந்தார்கள். அம்மா வந்த மறுநாள் காலை வென்ட்டுக்கு நேரே கையை நீட்டிப் பார்த்து, "இதுல சூடே வரலையே, ரிப்பேரா?" என்றார். ஹீட் பம்ப் காற்று 90இல் இருந்து 100 ஃபாரன்ஹீட்தான் இருக்கும், நம் உடம்புச் சூட்டுக்கு அக்கம்பக்கம், கைக்கு வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாது. ஆனால் அது மெதுவாக, நீண்ட நேரம் ஓடி வீட்டைச் சூடாக வைக்கும். நாங்கள் வேலைக்குப் போன பிறகு அம்மா 76க்கு ஏற்றிவிட்டார். மதியம் தூசி கருகும் வாசனை வருகிறது என்று போன் வந்தது. மாதக்கணக்கில் எரியாமல் இருந்த கம்பி எரியும்போது அதன் மேல் படிந்த தூசி கருகும், அந்த வாசனைதான். அம்மாவுக்கு வாசனை பயமாக இருந்தாலும் இப்போதுதான் நல்ல சூடாக வருகிறது என்று சந்தோஷம். இந்த இடத்தில் டி6 எனக்கு உதவியது. நாம் நடுவில் மாற்றினால் அடுத்த அட்டவணை நேரம் வரைக்கும்தான் அது நிற்கும், பிறகு பழையபடி திரும்பிவிடும், நிரந்தரமாக நிறுத்தவும் வழி உண்டு. அம்மாவுக்கு 71 என்று கணக்குப் பண்ணி, பகலுக்கு அதையே அட்டவணையில் போட்டு, ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக் கொடுத்தேன். குளிருகிறது என்று சொல்பவரிடம் பில்லைக் காட்டக் கூடாது.

அப்பா வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார். வெளி யூனிட்டில் இருந்து வெள்ளையாகப் புகை வருகிறது என்று ஓடி வந்தார். புகை இல்லை, நீராவி. குளிரில் வெளிக் காயிலில் பனி படியும், அதைக் கரைக்க யூனிட் தானாகவே சில நிமிடம் ஏசி திசைக்கு மாறிக் காயிலைச் சூடாக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் குளிர்காற்று வராமல் இருக்க ஆக்ஸ் கொஞ்சம் எரியும், அதைத் தெர்மோஸ்டாட்டால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. விளக்கிச் சொன்னதும் நாற்காலி போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி வைத்தார்.

எமர்ஜென்சி ஹீட் பற்றி ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்துவிட்டு, கடும் குளிர் வந்தால் இதைப் போட வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மவர்களில் நிறைய இருக்கிறார்கள். அது கம்ப்ரஸரை முழுக்க நிறுத்திவிட்டு வெறும் கம்பியில் வீட்டைச் சூடேற்றும். வெளி யூனிட் பழுதாகி ஆள் வரும் வரைக்கும் மட்டும்தான் அது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஜனவரி முழுக்க அதில் வைத்திருந்தார்கள், நான் போய் மாற்றிவிட்டு வந்தேன்.

வாங்குபவர்கள் மாடல் எண்ணைக் கவனியுங்கள், டி6 ப்ரோவிலேயே சில வகைகள் இருக்கின்றன. நான் வாங்கியது டிஎச்6320யு2008, ஹீட் பம்ப்புக்கு மூன்று நிலை சூடு, இரண்டு நிலை குளிர் வரை தாங்கும். போனில் இருந்து மாற்ற வேண்டும் என்றால் வைஃபை உள்ளதைத்தான் வாங்க வேண்டும். பழைய பெட்டி பெரிதாக இருந்து சுவரில் பெயின்ட் இல்லாத தடம் தெரிந்தால், அதை மறைக்கக் கூடவே ஒரு தட்டு தருகிறார்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் பழைய பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மெல்லிய பல வண்ண வயர்கள் என்றால் சரி. தடித்த வயர் இரண்டோ நான்கோ மட்டும் இருந்தால் அது நேரடி 240 வோல்ட் சூடேற்றி, இந்தப் பெட்டி அதற்கு ஆகாது, கை வைக்காமல் மூடிவிடுங்கள்.